புழுங்கல் அரிசியும் கலோரிக் கணக்கும் – கெடா தோட்டங்களின் உணவு வரலாறு



"சோற்றை விட்டால் இனிப்பு நீர் விட்டுப் போகும்" என்னும் பேச்சு இன்று சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் ஆகிய நகரங்களில் பெற்றோர் கூடும் இடமெல்லாம் கேட்கிறது. ஒருவர் கீட்டோ என்கிறார். மற்றொருவர் பேலியோ என்கிறார். வேறொருவர் கைப்பேசிச் செயலியில் ஒவ்வொரு கவளத்துக்கும் கலோரி எண்ணுகிறார். பிள்ளைகளின் உணவுப் பெட்டியிலும் இந்தப் புதுமைகள் எட்டிப் பார்ப்பதால் ஆசிரியர்களாகிய நாமும் இதைப் பற்றிச் சிந்திக்க வேண்டியவர்களாகிறோம்.

நம் பாட்டன் பாட்டிமார் வாழ்நாள் முழுவதும் மூன்று வேளையும் சோறே உண்டனர். அப்படியிருக்க, குற்றவாளி சோறு மட்டுந்தானா? இந்த வினாவுக்கு விடை கெடா தோட்டங்களின் வரலாற்றிலும், மலாயா மண்ணில் நடந்த ஒரு பெரும் மருத்துவ ஆய்விலும் இருக்கிறது.

கலோரி என்பது யாது?

கலோரி என்பது வெப்பத்தின் அளவு. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பத்தை ஒரு பாகை செல்சியசு உயர்த்தத் தேவைப்படும் ஆற்றலையே உணவுப் பொட்டலங்களில் கிலோகலோரி என்று குறிக்கின்றனர். பேச்சு வழக்கில் அதுவே கலோரி. இச்சொல்லை 1820களில் பிரஞ்சு அறிவியலாளர் நிக்கோலா கிளெமான் நீராவி எந்திரங்களைப் பற்றிய பாடங்களில் பயன்படுத்தினார். 1890களில் அமெரிக்காவின் வில்பர் ஆட்வாட்டர், மனிதரையே ஓர் அறைக்குள் அமர்த்தி, அவர் உண்பதையும் வெளியிடும் வெப்பத்தையும் அளந்தார். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9 என்று நாம் இன்றும் சொல்லும் கணக்கு அவர் வழி வந்ததே. மதுவில் உள்ள சாராயச்சத்து கிராமுக்கு 7 கலோரி தரும்.

இவ்வளவு எரிபொருள் உள்ளே போனது என்று மட்டுமே கலோரி சொல்லும். அந்த எரிபொருளோடு உயிர்ச்சத்து வந்ததா, உடல் அதைச் செலவழித்ததா என்பவற்றை அது சொல்லாது. இவ்விரண்டையும் நம் முன்னோர் பட்டறிந்தே கற்றனர்.

தோட்டத்து வேலையும் தோட்டத்துத் தட்டும்

1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையின்படி கெடா சயாமிடமிருந்து பிரிட்டிசாரின் பாதுகாப்பின்கீழ் வந்தது. அதையொட்டி ரப்பர் தோட்டங்கள் பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பாலிங் வட்டாரங்களில் பெருகின. கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வந்த நம்மவர் லயங்களில் குடியேறினர்.

அந்த வாழ்வில் விடியுமுன் பிரட்டு. பின்னர் நூற்றுக்கணக்கான பால்மரங்களை ஒவ்வொன்றாக நடந்து நடந்து சீவ வேண்டும். பால் இறங்கியபின் அதே வழியில் மீண்டும் நடந்து சேகரிக்க வேண்டும். நிறைந்த வாளிகளைக் காண்டாவில் சுமந்து பால் கொட்டகைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். மேடு பள்ளமான தோட்டமென்றால் சுமையின் கடுமை இருமடங்கு. இத்தகைய உடலுக்குக் காலையில் பழைய சோறும் நீராகாரமும், பகலில் சோறும் பருப்பும் கருவாடும், லயத்துக்குப் பின்புறம் வளர்ந்த முருங்கைக் கீரையும் உணவாயின. உண்ட சோறு பொழுது சாயுமுன் உழைப்பாகக் கரைந்தது.

அந்த உணவும் தாராளமாகக் கிடைத்ததன்று. 1920களில் அரசு தொழிலாளியின் மாதச் செலவுப் பட்டியலைக் கணக்கிட்டு அதன் அடிப்படையில் கூலியை வரையறுத்தது. அரிசி, பருப்பு, உப்பு, மிளகாய் எனப் பட்டியலில் இடம்பெற்ற பொருள்களே கூலியின் எல்லையாயின. ரப்பர் விலை சரிந்த 1930இல், முதன்மைத் தோட்டப் பகுதிகளில் ஆணின் நாட்கூலி 50 சென்னிலிருந்து 40 சென்னுக்கும், பெண்ணின் நாட்கூலி 40 சென்னிலிருந்து 32 சென்னுக்கும் குறைக்கப்பட்டது. அக்காலத்தை வறுமையில்லாப் பொற்காலமென்று நாம் பாட வேண்டியதில்லை. எனினும் அந்த எளிய தட்டில் ஒரு பெருஞ்செல்வம் இருந்தது. அதுதான் புழுங்கல் அரிசி.

மலாயாவில் அவிழ்ந்த புதிர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால்கள் மரத்துப்போதல், வீக்கம், முடிவில் இதயம் தளர்ந்து இறத்தல் ஆகியன அதன் இயல்புகள். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக மாண்டனர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய சயாம் பச்சரிசியை உண்டோரையே நோய் தாக்கியது; புழுங்கல் அரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பினர். 1907இல் வெளியான தம் நூலில் அவர் இதனை எடுத்துரைத்தார்.

இதைச் சோதித்தறியக் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் 1907இல் ஜெலுபு காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த 300 சாவகத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி. மற்றொரு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. சில திங்களில் பச்சரிசிப் பிரிவில் பெரிபெரி தோன்றியது. புழுங்கல் பிரிவில் தோன்றவில்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. 1909இல் வெளியான இந்த ஆய்வு உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்பு ஆலையில் தீட்டினாலும் அது முழுதும் போய்விடுவதில்லை. பச்சரிசியிலோ தவிட்டோடு அதுவும் கழிந்துவிடுகிறது. அந்தச் சத்தே தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து. அதனை 1926இல் சாவகத்தின் பத்தாவியாவில் பிரித்தெடுத்தனர்.

கவனியுங்கள்: இரண்டு அரிசியிலும் கலோரி ஏறத்தாழ ஒன்றே. ஒன்று காலை முடக்கியது, மற்றொன்று காத்தது. கலோரிக் கணக்கை மட்டும் நம்புவோருக்கு ஜெலுபு தந்த பாடம் இது.

மரவள்ளிக் காலம்

1941 திசம்பரில் சப்பானியப் படை வந்தது. அம்மாதமே கெடாவின் ஜித்ராவில் பெரும்போர் நிகழ்ந்தது. கெடா நெற்களஞ்சியமாக இருந்தபோதிலும், மலாயா உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து வந்ததே. கப்பல் நின்றதும் அரிசி அருகியது. 1943இல் கெடா சயாமின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. பால் வெட்டு நின்ற தோட்டங்களில் மக்கள் மரவள்ளி நட்டனர். ஆண்கள் பலர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

மரவள்ளிக்கிழங்கு வயிற்றை நிரப்பும். மாவுச்சத்தும் கலோரியும் தரும். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. வயிறு நிரம்பியும் உடல் வற்றிய காலம் அது. அந்தத் தலைமுறையினர் பலர் பிற்காலத்தில் மரவள்ளியைக் கண்டாலே முகம் சுளித்ததை நம்மில் பலர் வீட்டிலேயே கண்டிருப்போம்.

கள்ளும் டின் பாலும்

பசியின் வரலாற்றைப் போலவே நுகர்ச்சி மிகுதியின் வரலாறும் தோட்டத்தில் உண்டு. கூலி வாங்கிய கை நேரே கள்ளுக்கடைக்குச் சென்ற குடும்பங்களில், பிள்ளையின் பருப்பும் பாலும் கள்ளாக மாறின. இதனை எதிர்த்துப் போருக்குப் பின் கெடாவில் எழுந்ததே தொண்டர் படை. பீடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த அவ்வியக்கம், கள்ளுக்கடை மறியலோடு தொழிலாளர் உரிமையையும் கையிலெடுத்தது. 1947இல் காவல்துறையின் கடும் ஒடுக்குதலுக்கு ஆளானது. உடல்நலம் குறித்து நம்மவர் தாமே திரண்டு எழுப்பிய குரலாக அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

மற்றொன்று சீனி கலந்த டின் பால். அதனைக் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுப்பதைக் கண்டித்து, 1939இல் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்சு 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் உரையாற்றினார். அந்த டின் பாலே பின்னாளில் நம் தேநீர்க் குவளையில் நிலைத்துவிட்டது.

வேலை மாறியது, தட்டு வளர்ந்தது

ரப்பர் குறைந்து செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல வீடமைப்புப் பகுதிகளாயின. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் சென்றனர். இது நல்ல முன்னேற்றமே. ஆனால் வேலை நாற்காலிக்கு மாறியபோது உணவு குறையவில்லை, மேலும் கூடியது. புழுங்கல் அரிசி பல வீடுகளிலிருந்து மறைந்து வெள்ளையரிசி வந்தது. கீரையும் பழைய சோறும் ஏழ்மையின் அடையாளமாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டன. காலைப் பசியாறல் ஒட்டுக்கடைக்கு மாறியது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு ரொட்டி சானாயில் ஏறத்தாழ 300 கலோரி. ஒரு குவளை தே தாரிக்கில் ஏறத்தாழ 180. நாளுக்கு மூன்று தே தாரிக் அருந்துபவர் 540 கலோரி பெறுகிறார். வெந்த சோற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி. ஆகவே மூன்று குவளைத் தேநீர் நானூறு கிராம் சோற்றுக்கு ஈடாகும். சோற்றைக் குறைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு தேநீரைத் தொடர்பவர் எதைக் குறைத்தார்?

2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியோரில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர். இதற்கு மரபுக்கூறும் ஒரு காரணம். எனினும் மரபை நாம் மாற்ற இயலாது. தட்டையும் நடையையும் மாற்ற இயலும்.

புதிதென்று வருபவை புதியனவல்ல

1863இல் இலண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர் ரொட்டி, சீனி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டு உடல் மெலிந்ததைச் சிறு நூலாக எழுதினார். அது பெரும்புகழ் பெற்றது. 1918இல் அமெரிக்க மருத்துவர் லூலு ஹண்ட் பீட்டர்சு கலோரி எண்ணும் முறையை மக்களிடம் பரப்பினார். 1972இல் ஆட்கின்சு மீண்டும் மாவுச்சத்தை ஒதுக்கச் சொன்னார். இன்றைய கீட்டோவும் அந்த வழித்தோன்றலே. இவற்றால் சிலர் மெலிந்தது உண்மை. சீனியும் மாவும் குறைந்தால் எடை குறையத்தான் செய்யும். ஆனால் ஓர் உணவை முற்றாக விலக்கும் நோன்பை வாழ்நாள் முழுதும் காப்போர் சிலரே. விட்டவுடன் எடை திரும்புவதே பெரும்பான்மை. மேலும், நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் திடீரென உணவை நிறுத்தினால் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வளரும் பிள்ளைகள் மீது இத்தகைய முறைகளைத் திணிப்பது எவ்வகையிலும் தகாது.

நாம் செய்யத்தக்கவை

1. வீட்டில் புழுங்கல் அரிசியையோ தவிடு நீங்காத அரிசியையோ மீட்டெடுக்கலாம். ஆனால் அதையும் அளவோடு உண்ண வேண்டும்.

2. சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் நலத்தட்டு முறையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறி, பழம்.

3. இனிப்புப் பானங்களை முதலில் குறைக்கலாம். 2019 சூலை முதல் அரசு அவற்றுக்கு வரி விதித்திருப்பதன் காரணத்தை வகுப்பில் கலந்துரையாடலாம்.

4. கணிதப் பாடத்தில் உணவுப் பொட்டலத்தின் கலோரியையும் சீனியின் அளவையும் கூட்டிப் பார்க்கச் சொல்லலாம். பிள்ளையின் உடலைக் கேலி செய்யும் கருவியாக மட்டும் அது மாறிவிடக் கூடாது.

5. வீட்டுப் பெரியவர்களிடம் அக்கால உணவையும் வேலையையும் கேட்டு எழுதி வரச் செய்யலாம். அவர்கள் எத்தனை கவளம் உண்டார்கள் என்பதோடு எத்தனை கல் நடந்தார்கள் என்பதையும் பிள்ளைகள் எழுதட்டும்.

முன் உண்டது செரித்ததை அறிந்து, பசியின் அளவறிந்து உண்ண வேண்டும் என்பதைத் திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வலியுறுத்துகிறார். அவ்வதிகாரத்தில் அவர் அளவறிந்து உண்பதை வலியுறுத்தினார். நம் முன்னோரைக் காத்த சோற்றை நாம் பழிக்க வேண்டியதில்லை. அவர்கள் உண்ட அரிசியையும், அதனோடு உண்ட கீரையையும், நடந்த நடையையும் சேர்த்தே மீட்போம். பெற்றோரும் ஆசிரியரும் இணைந்தால் இது கைகூடும்.