பல்பயன் வெளிப்புறக் கைக்கடிகாரம்

பல்பயன் வெளிப்புறக் கைக்கடிகாரம் என்பது நேரத்தைக் காட்டுவதுடன் உயரம், காற்றழுத்தம், திசை, வெப்பநிலை, இருப்பிடம் முதலியவற்றையும் அளந்து காட்டும் கைக்கடிகாரம் ஆகும். மலையேறுவோர், நெடுந்தூர ஓட்டக்காரர், மிதிவண்டிப் பயணிகள், களப்பணி செய்யும் நிலவியல் மாணவர் முதலியோர் இதனைப் பயன்படுத்துகின்றனர். உயரமானி, காற்றழுத்தமானி, திசைகாட்டி ஆகிய மூன்றும் இதன் அடிப்படைக் கருவிகள் ஆகும். 2000களுக்குப் பின்னர் புவியிடங்காட்டியும் இதயத் துடிப்பு உணரியும் இவற்றுடன் சேர்ந்தன.

இக்கடிகாரம் காட்டும் எண்களில் பல, நேரடியாக அளக்கப்பட்டவை அல்ல. ஓர் அளவிலிருந்து மற்றோர் அளவு கணக்கிட்டுப் பெறப்படுகிறது. அக்கணக்கின் எடுகோள்கள் தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. ஆகவே இப்பகுதிகளில் இதனைப் பயன்படுத்துவோர் சில அளவீடுகளைத் திருத்திப் படிக்க வேண்டியுள்ளது.

வரலாறு

1969ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் முதலாவது குவார்ட்சு கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பற்சக்கரங்களின் இடத்தை மின்னணுச் சுற்றுகள் பிடித்ததால், கடிகாரத்துள் வேறு உணரிகளையும் பொருத்தும் வாய்ப்பு ஏற்பட்டது. 1983இல் கேசியோ நிறுவனம் வெளியிட்ட சி-சாக் கடிகாரம், கீழே விழுந்தாலும் உடையாத கட்டமைப்பிற்கு முன்மாதிரியாக அமைந்தது. கிக்குவோ இபே என்னும் பொறியாளர் இதனை வடிவமைத்தார். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுதலைத் தாங்குதல், 10 பார் நீரழுத்தத்தைத் தாங்குதல், 10 ஆண்டுகள் உழைக்கும் மின்கலம் ஆகியவை அவருடைய இலக்குகளாக இருந்தன.

1995இல் கேசியோ நிறுவனம் புரோ டிரெக் என்னும் மலையேற்றக் கடிகார வரிசையைத் தொடங்கியது. 1936இல் திசைகாட்டி செய்வதற்காகப் பின்லாந்தில் நிறுவப்பட்ட சூன்டோ நிறுவனம், 1998இல் வெக்டர் என்னும் கடிகாரத்தை வெளியிட்டது. உயரமானி, காற்றழுத்தமானி, திசைகாட்டி ஆகிய மூன்றும் இதில் ஒருங்கே அமைந்திருந்தன. 2000 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் குறிப்பலைகளில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை நீக்கியது. அதன்பின் புவியிடங்காட்டி கொண்ட கடிகாரங்கள் பெருகின. கார்மின் நிறுவனத்தின் போர்ரன்னர் 2003இலும், பீனிக்சு 2012இலும் வெளிவந்தன.

இந்தியாவில் எச்எம்டி நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து 1961இல் பெங்களூரில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. 1984இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் டாட்டா குழுமமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தை உருவாக்கின. இதன் தொழிற்சாலை ஒசூரில் உள்ளது.

செயற்படும் முறை

உயரமானியும் காற்றழுத்தமானியும்: இவ்விரண்டும் ஒரே உணரியைப் பயன்படுத்துகின்றன. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. கடல்மட்டத்தை அடுத்த பகுதிகளில் ஏறத்தாழ 8 முதல் 9 மீட்டருக்கு ஒரு எக்டோபாசுக்கல் வீதம் இக்குறைவு நிகழ்கிறது. கடிகாரம் அழுத்தத்தை மட்டுமே அளக்கிறது. அழுத்தம் குறைந்தால், அணிந்தவர் மேலே ஏறினாரா அல்லது வானிலை மாறியதா என்பதை அந்த உணரி தனித்து அறிய இயலாது. இதுவே இக்கருவியின் அடிப்படை வரம்பு ஆகும்.

திசைகாட்டி: புவியின் காந்தப்புலத்தை அளக்கும் மின்னணு உணரி இதில் உள்ளது. காந்த வடக்கிற்கும் உண்மை வடக்கிற்கும் இடையிலான கோணம் காந்த விலக்கம் எனப்படும். பெரம்பலூர்ப் பகுதியில் இது மேற்காக 1 முதல் 2 பாகை மட்டுமே என்பதால், நடைப்பயணத்திற்குத் திருத்தம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆனால் கைப்பேசி, ஒலிபெருக்கி, உந்துருளி, இரும்பு வேலி முதலியவற்றின் அருகில் திசைகாட்டி தவறாகக் காட்டும்.

வெப்பமானி: கையில் அணிந்திருக்கும்போது உடல்வெப்பமும் சேர்வதால் காற்றின் வெப்பநிலையைவிடச் சில பாகைகள் வேறுபட்டுக் காட்டும். கழற்றி, நிழலில் 20 முதல் 30 நிமிடங்கள் தொங்கவிட்ட பின்னர்ப் படிப்பதே சரியானது.

புவியிடங்காட்டி: நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட செயற்கைக்கோள்களின் குறிப்பலைகள் வந்துசேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு இருப்பிடம் கணக்கிடப்படுகிறது. திறந்த வெளியில் பிழை சில மீட்டர்கள் அளவே இருக்கும். ஆழமான ஓடைப் பள்ளங்களிலும் அடர்ந்த மரங்களின் கீழும் பிழை மிகும்.

இதயத் துடிப்பு உணரி: கடிகாரத்தின் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலின்மேல் பாய்ச்சப்படுகிறது. குருதி ஓட்டத்திற்கு ஏற்பத் திரும்பும் ஒளி கூடிக் குறைவதைக் கொண்டு துடிப்பு எண்ணப்படுகிறது. கடிகாரம் தளர்வாக இருந்தாலும், கை மிகுதியாக அசைந்தாலும் கணக்குத் தவறும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பயன்பாடு

பெரம்பலூர் மாவட்டம் 1995 நவம்பர் 1 அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் மாவட்டம் 2001இல் உருவாக்கப்பட்டு, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 முதல் தனி மாவட்டமாக இயங்கிவருகிறது. பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலையும் இலாடபுரம் அருகே மயிலூற்று அருவியும் உள்ளன. காரை, சாத்தனூர் பகுதிகளில் கிரீத்தேசியக் காலக் கடற்படிவுகள் வெளிப்பட்டுள்ளன. அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயமும் உள்ளன. மலை, வெட்டவெளி, ஏரி ஆகிய மூன்றும் ஒருநாள் பயணத்துள் அடங்குவதால் இக்கடிகாரத்தின் எல்லாக் கருவிகளையும் இங்கு சோதித்துப் பார்க்க இயலும்.

உயரத்தைச் சரிசெய்தல்

புறப்படும் முன்னர் அறிந்த ஓர் உயரத்தைக் கடிகாரத்தில் பதிவுசெய்ய வேண்டும். இந்தியத் தொடர்வண்டி நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதப்படுவது வழக்கம். விழுப்புரம் - திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதையில் உள்ள அரியலூரின் உயரம் ஏறத்தாழ 76 மீட்டர் ஆகும். தொடர்வண்டி நிலையம் இல்லாத பெரம்பலூர் நகரின் உயரம் ஏறத்தாழ 140 மீட்டர் ஆகும்.

செயற்கைக்கோள் வழிப் பெறும் உயரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. செயற்கைக்கோள் முறை, புவியை ஒரு சீரான நீள்கோள வடிவமாகக் கொண்டு கணக்கிடுகிறது. தென்னிந்தியாவில் உண்மையான கடல்மட்டப் பரப்பு அந்த நீள்கோளத்திற்குக் கீழே ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்தில் உள்ளது. உலகிலேயே மிகத் தாழ்ந்த ஈர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். எனவே திருத்தம் செய்யாத கருவி, அரியலூரைக் கடல்மட்டத்திற்குக் கீழே இருப்பதாகக் காட்டும். பெரும்பாலான கடிகாரங்கள் இத்திருத்தத்தைத் தாமே செய்துகொள்கின்றன.

பச்சைமலை ஏற்றம்

உயரமானியின் கணக்கு, கடல்மட்டத்தில் 15 °செ வெப்பநிலை இருப்பதாகக் கொள்கிறது. வெப்பமான காற்று விரிந்திருப்பதால் அதே அழுத்தக் குறைவிற்கு மிகுதியான உயரம் ஏற வேண்டும். வழியில் சராசரி வெப்பநிலை 32 °செ ஆக உள்ள நாளில், பச்சைமலையில் 600 மீட்டர் ஏறியவருக்குக் கடிகாரம் ஏறத்தாழ 560 மீட்டரே காட்டும். அதாவது, அடிவாரத்தில் சரியாகப் பதிவுசெய்தபோதும் உச்சியில் 40 மீட்டர் குறைவாக இருக்கும். இது கருவியின் பழுது அன்று.

அசையாமல் ஏறும் கடிகாரம்

வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை உயர்ந்து இருமுறை தாழ்கிறது. காலை, இரவு 10 மணியளவில் மிகுந்தும், காலை, மாலை 4 மணியளவில் குறைந்தும் காணப்படும். காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையிலான வேறுபாடு 3 முதல் 4 எக்டோபாசுக்கல் ஆகும். இதனால் மேசைமேல் வைத்த கடிகாரம், ஆறு மணிநேரத்தில் 25 முதல் 35 மீட்டர் மேலே ஏறியதாகக் காட்டும்.

மழையை எதிர்பார்த்து அழுத்தத்தைக் கவனிப்போர் இதனால் ஏமாறுவதுண்டு. பிற்பகல் தோறும் அழுத்தம் தாழ்வது புயலின் அறிகுறி அன்று. இன்று காலை 10 மணி அளவை நேற்றைய காலை 10 மணி அளவுடன் ஒப்பிடுவதே முறையாகும். அவ்வாறு ஒப்பிடும்போது சில எக்டோபாசுக்கல் குறைவு தெரிந்தால், குறிப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கைகளைக் கவனித்தல் வேண்டும்.

கதிரவனும் கடிகாரமும்

முள் கடிகாரத்தின் மணி முள்ளைக் கதிரவனை நோக்கிப் பிடித்தால், அம்முள்ளுக்கும் 12 என்னும் எண்ணுக்கும் நடுவில் தெற்கு இருக்கும் என்னும் முறை பல கையேடுகளில் காணப்படுகிறது. இம்முறை வடக்கு மிதவெப்ப மண்டலத்திற்கு உரியது. பெரம்பலூர் வடக்கு 11 பாகை அகலக்கோட்டை ஒட்டி உள்ளதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகத்து நான்காம் வாரத்திலும் நண்பகலில் கதிரவன் நேர் உச்சியில் நிற்கிறது. இவ்விரு காலங்களுக்கும் இடையே நண்பகல் கதிரவன் வடபுறத்தில் இருக்கும். அந்நாட்களில் இம்முறையை நம்பி நடப்பவர் எதிர்த்திசையில் செல்ல நேரிடும். கதிரவன் உதிக்கும் திசையும் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. சூன் மாத இறுதியில் கிழக்கிலிருந்து வடக்காக 24 பாகையும், டிசம்பர் மாத இறுதியில் தெற்காக 24 பாகையும் விலகுகிறது.

இந்திய சீர் நேரம் கிழக்கு 82.5 பாகை நெடுங்கோட்டிற்கு உரியது. பெரம்பலூர் அதற்கு மேற்கே இருப்பதால் இங்கு உண்மை நண்பகல் சராசரியாக 14 நிமிடங்கள் தாமதமாக வருகிறது. பிப்ரவரி நடுவில் அது பகல் 12.28 மணியை ஒட்டியும், நவம்பர் தொடக்கத்தில் 11.58 மணியை ஒட்டியும் நிகழ்கிறது. அவ்வேளையில் நேராக நட்ட கோலின் நிழல் வடக்கு - தெற்காக விழும்.

தொல்லுயிர் எச்சக் களப்பணி

காரை அருகிலுள்ள செந்நிற ஓடைப் பள்ளங்களில் அம்மோனைட்டு, பெலம்னைட்டு போன்ற கடல்வாழ் உயிரினங்களின் எச்சங்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கல்மரத்தை 1940இல் இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எம். எசு. கிருட்டிணன் அறிவித்தார்.

எச்சம் ஒன்றின் அறிவியல் மதிப்பு, அது எந்த இடத்தில் எந்த அடுக்கில் இருந்தது என்பதைப் பொறுத்தது. கையில் எடுத்துச் சென்ற கல், இடக்குறிப்பு இல்லாவிடின் வெறும் காட்சிப்பொருளாகிவிடும். எடுக்காமல் விட்டு, அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், நேரம் ஆகியவற்றைக் குறித்து ஒளிப்படம் எடுத்தால் பின்னர் வருவோரும் அதனை ஆராய இயலும். இக்கடிகாரம் மாணவருக்குப் பெரிதும் பயன்படுவது இப்பணியிலேயே ஆகும்.

இப்பகுதியில் பயன்படாத வசதிகள்

வானொலி வழி நேரத் திருத்தம்: சில கடிகாரங்கள் நெடும் அலை வானொலியின் மூலம் தாமே நேரத்தைத் திருத்திக்கொள்கின்றன. இவ்வலைகளை ஒலிபரப்பும் நிலையங்கள் ஜப்பான், சீனா, செருமனி, ஐக்கிய இராச்சியம், ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளில் உள்ளன. இந்தியாவில் அத்தகைய நிலையம் இல்லாததால் தமிழ்நாட்டில் இவ்வசதி பயன் தருவதில்லை. இதற்காகக் கூடுதல் விலை கொடுத்தல் வீண் செலவாகும்.

ஓத அளவு: கடல் ஓதங்களைக் காட்டும் வசதி, கடற்கரை இல்லாத இவ்விரு மாவட்டங்களிலும் தேவையற்றது.

நீர்த்தடுப்பும் பராமரிப்பும்

கடிகாரத்தின் பின்மூடியில் 50 மீட்டர் என எழுதியிருப்பது, 50 மீட்டர் ஆழத்திற்கு மூழ்கலாம் என்பதைக் குறிக்காது. அசையாத நீரில் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதே அதன் பொருள். பொதுவாக 3 பார் அளவுடையவை மழைக்கும் கைகழுவுதலுக்கும், 10 பார் அளவுடையவை நீச்சலுக்கும் ஏற்றவை. ஆழ்நீர் மூழ்கலுக்கு உரிய கடிகாரங்களுக்குத் தனித் தரம் உண்டு.

மின்கலம் மாற்றும்போது பின்மூடியின் இரப்பர் வளையம் மடிந்தாலோ காய்ந்திருந்தாலோ நீர்த்தடுப்பு இழக்கப்படுகிறது. வளையத்தையும் சேர்த்து மாற்றி, அழுத்தச் சோதனை செய்வித்தல் நல்லது. வியர்வை உப்பும் களிமண் தூசியும் அழுத்த உணரியின் துளையை அடைப்பதால், பயணம் முடிந்ததும் நன்னீரில் கழுவித் துடைக்க வேண்டும். நீருக்குள் பொத்தான்களை அழுத்துதல் கூடாது.

வரம்புகள்

காரைப் பள்ளங்களில் நிழல் அரிது. கோடையில் அங்கு நடப்போருக்கு வெப்பத் தாக்கு ஏற்படும் ஆபத்து உண்டு. இதயத் துடிப்பு ஓய்விலும் தணியாமலிருப்பதைக் கடிகாரம் காட்டக்கூடும். ஆயினும் உடலில் நீர் குறைந்திருப்பதை அது அளப்பதில்லை. தலைச்சுற்றல், குமட்டல், குழப்பம் ஆகியவை தோன்றினால் கடிகாரம் என்ன காட்டினாலும் நடையை நிறுத்தி, நிழலில் உடலைக் குளிர்வித்து மருத்துவ உதவி பெறுதல் வேண்டும்.

புவியிடங்காட்டி தொடர்ந்து இயங்கும்போது மின்கலம் விரைவில் தீரும். ஆகவே தாள் வரைபடம், சாதாரணத் திசைகாட்டி, போதிய குடிநீர் ஆகியவற்றை உடன் கொண்டுசெல்வதும், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் பிறரிடம் கூறிச் செல்வதும் இக்கடிகாரம் உடையவருக்கும் தேவையானவையே.