மல்லாட்டைக்கு எந்த எண்?

விழுப்புரத்தை அடுத்த கோலியனூர்ப் பக்கத்தில் நிலக்கடலை என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. மல்லாட்டை என்பார்கள், கணக்கு வழக்கில் மணிலா என்று எழுதுவார்கள். மணிலாக்கொட்டை என்பது வாயில் புழங்கிப் புழங்கி மல்லாக்கொட்டையாகி, பிறகு மல்லாட்டையாகச் சுருங்கிவிட்டது. பெயருக்குள்ளேயே ஒரு வணிக வரலாறு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் விளைந்த மல்லாட்டை, புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ரயில் ஓடத் தொடங்கிய 1879-ஆம் ஆண்டு அந்த வணிகம் வளர்ந்துகொண்டிருந்த காலம். இன்றும் அறுவடை முடிந்தால் விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டைகள் வந்து சேர்கின்றன. அந்த மூட்டைக்காரர் விலை கேட்கவோ பூச்சிக்கு மருந்து கேட்கவோ ஓர் எண்ணை அழைத்தால், மறுமுனையில் பதிவு செய்த குரல் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'எண்ணெய் வித்துப் பயிர்கள் குறித்து அறிய எண் 3-ஐ அழுத்தவும்' என்கிறது அது. தன் கொல்லையில் இருப்பது எண்ணெய் வித்துப் பயிர் என்று அவர் தனக்குள் மொழிபெயர்த்துக்கொண்ட பிறகுதான் விரல் 3-க்குப் போகும். தொலைபேசியில் பதில் சொல்லும் அமைப்புகளின் வரலாற்றை இதுவரை இயந்திரத்தின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறார்கள். அந்தக் குரல் வாசிக்கும் எண் பட்டியலை யார், எங்கே உட்கார்ந்து, யாரைக் கேட்டு எழுதினார்கள் என்பதுதான் அதன் மெய்யான வரலாறு என்பது என் கருத்து. அதற்குச் சான்று கோலியனூர் வழியாகப் போகும் சாலையிலேயே கிடைக்கிறது.

இயந்திரத்தின் கதை சுருக்கமானது. 1933-இல் பாரிஸ் வான்காணகத்தில், அழைத்தவருக்கு நேரம் சொல்லும் பதிவுக் குரல் வேலைக்கு வந்தது. அது சொல்லும், கேட்காது. அழைப்பவரின் விடையை இயந்திரம் வாங்கிக்கொள்ள 1963 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர்கள் இரண்டில் பொத்தான் தொலைபேசி அறிமுகமானது. ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு ஒலிகள் சேர்ந்து கிளம்பும்: ஒன்று அதன் வரிசைக்கு உரியது, மற்றது அதன் நிரலுக்கு உரியது. எண் 5 என்றால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும். மனிதத் தொண்டை இந்த இரண்டையும் சரியாக ஒன்றாக எழுப்புவது அரிது என்பதால், பேச்சுக்கும் பொத்தானுக்கும் இயந்திரம் எளிதில் வேறுபாடு காண்கிறது. சுழல்வட்டத் தொலைபேசிக்கு இது முடியாது; அதன் துடிப்புகள் உள்ளூர் எக்ஸ்சேஞ்சோடு நின்றுவிடும். நம் கிராமங்களுக்குப் பொத்தான் வசதி வந்தது 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனத்தின் சிறிய தானியங்கி எக்ஸ்சேஞ்சுகள், அவற்றைத் தொடர்ந்த எஸ்.டி.டி. பூத்துகள், பிறகு கைப்பேசி என்ற வரிசையில்தான். 1999-இல் மார்க் ஸ்பென்சர் எழுதிய ஆஸ்டரிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருள் வந்ததும், பெரிய நிறுவனங்களால் மட்டுமே வாங்க முடிந்த இந்த ஏற்பாட்டை ஒரு சாதாரணக் கணினியில் நிறுவ முடிந்தது. கருவி மலிந்த பிறகு மிஞ்சிய கேள்வி, அதற்குள் எதை வைப்பது என்பது மட்டுமே.

அந்தக் கேள்விக்குக் கருவி மலிவதற்கு முன்பே விடை தேடிய இடம் வில்லியனூர். கோலியனூரிலிருந்து கிழக்கே வளவனூர், கண்டமங்கலம் தாண்டிப் போனால் வரும் ஊர். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. நிதியுதவியோடு அங்கே ஒரு தகவல் மையத்தை அமைத்து, சுற்றியுள்ள புதுச்சேரிக் கிராமங்களை வானொலி அலைக்கருவிகளால் இணைத்தது. அந்தத் திட்டத்தில் முதலில் வந்து இறங்கியது கருவி இல்லை, கேள்விதான். ஊர்மக்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள், இப்போது யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்று முதலில் விசாரித்தார்கள். மையத்துக்கு இடம் தரும் பொறுப்பு ஊருடையது. நடத்தியவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். எம்பலத்தில் மையம் கோயில் கட்டடத்திலேயே இயங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அது இருந்தது. வில்லியனூரில் அதை எடுத்து, தமிழில் பேசிப் பதிந்து, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். கடற்கரை ஒலிபெருக்கியில் அது ஒலித்தது. உலகத்தின் மறுகோடியில் வேறு யாருக்காகவோ கணித்த எண், கட்டுமரம் தள்ளுகிறவரின் காதுக்கு அவருடைய தமிழில் வந்து சேர்ந்தது. பொத்தானும் பட்டியலும் இல்லாவிட்டாலும் குரல்வழிச் சேவையின் முக்கியமான வேலையெல்லாம் அங்கே முடிந்துவிட்டது என்பேன்: எது கேள்வி என்று கண்டறிந்தது, யார் பதிலை நம்புவார்கள் என்று கண்டறிந்தது, எந்தச் சொல்லில் சொல்வது என்று கண்டறிந்தது.

இத்தகைய ஒலிபெருக்கியின் மதிப்பை 2004 டிசம்பர் 26 காட்டியது. புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். ஆழிப்பேரலை பற்றித் தொலைக்காட்சியில் பார்த்தவர் உடனே வீட்டுக்குப் போன் செய்தார். சேதி பரவியதும் ஊர்க்காரர்கள் அங்கிருந்த இதே திட்டத்துத் தகவல் மையத்தைத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். ஊரே வெளியேறியது, 3,000-க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினார்கள். இப்படி ஒரு கேள்வியை முன்கூட்டியே எந்தப் பட்டியலிலும் எழுதி வைத்திருக்க முடியாது. அழைத்தவர் சொன்னதைப் புரிந்துகொண்டு, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க மறுமுனையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கருவியும் இருந்தது.

அதே 2004-ஆம் ஆண்டு ஜனவரி 21-இல் மத்திய அரசு கிசான் கால் சென்டரைத் தொடங்கியது. 1551 என்ற எண், இப்போது 1800-180-1551. அழைத்தால் விவசாயம் படித்த பட்டதாரி ஒருவர் விவசாயியின் மொழியிலேயே பேசுவார். அவருக்குத் தெரியாததை மேல்நிலை வல்லுநரிடம் கேட்கலாம். இதன் வடிவமைப்பு கவனிக்கத்தக்கது. எந்த மொழி, எந்த மாநிலம் என்று அழைப்பைப் பிரித்து அனுப்பும் இடத்தோடு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கேள்வியைக் கேட்டு வாங்கும் வேலையை மனிதரிடம் விட்டது. 'மல்லாட்டையில கம்பளிப்பூச்சி ஏறிடுச்சி, இன்னா மருந்து அடிக்கிறது' என்று ஒருவர் கேட்டால், அதைச் சிவப்புக் கம்பளிப்புழு என்று தனக்குள் மாற்றிக்கொள்வது பட்டதாரியின் பொறுப்பு. மூன்று ஆண்டுகள் கழித்து, 2007-இல், இஃப்கோ நிறுவனமும் ஏர்டெல்லும் சேர்ந்து வேறொரு வழியில் போயின. பச்சை நிற சிம் கார்டு; நாள்தோறும் ஒரு நிமிடக் குரல் செய்திகள் கைப்பேசிக்கு வந்தன. தேனி மாவட்டத்தில் விடியல் என்ற அமைப்பும் காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்கும் இதே முறையை ஆடு வளர்க்கும் பெண்களுக்குக் கொண்டுபோயின. ஆடு மேய்க்கும்போதே கேட்கலாம் என்பது அதன் பலம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. கை ஓயவும் வேண்டியதில்லை. ஆடு வளர்ப்பவர்களுக்கு ஆட்டைப் பற்றிய செய்தி போனதால் அது கேட்கப்பட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஊர் ஊராகப் போய்க் கேள்வி சேகரிப்பதும், அழைப்பு ஒவ்வொன்றுக்கும் பட்டதாரியை உட்கார வைப்பதும் கட்டுப்படியாகுமா? ஒரு கணினி ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான அழைப்புகளை எடுக்கும், நள்ளிரவிலும் எடுக்கும். இந்த மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். சமையல் எரிவாயு உருளைப் பதிவைப் பாருங்கள். இண்டேன் 2020 நவம்பர் 1 முதல் நாடு முழுவதற்கும் 77189 55555 என்ற ஒரே எண்ணைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியிலிருந்து அதற்கென ஒதுக்கிய எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தாலே போதும் என்றானது. கேள்வி ஒன்று, விடை ஒன்று, அழைப்பவரின் எண்ணே அவருடைய அடையாளம். இங்கே மனிதர் இடையில் வந்தால் தாமதம்தான் மிச்சம். ஆனால் இந்த வெற்றியைக் காட்டி, புகாருக்கும் ஐயத்துக்கும் அவசரத்துக்கும் அதே பட்டியலைப் பொருத்துவதில்தான் தவறு நேர்கிறது. பட்டியலில் 'பிற' என்று ஒன்று கடைசியாக வரும். அழைப்பவருடைய தேவை பெரும்பாலும் அந்த 'பிற'வில்தான் இருக்கும். பட்டியல் எழுதியவர் அழைப்பவரைச் சந்திக்கவில்லை என்பதன் அடையாளம் அது. தமிழ்நாட்டில் 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ் சேவைக்கு யாரும் இப்படிப் பட்டியல் போடவில்லை. ஆள்தான் எடுத்துப் பேசுகிறார். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் விழுப்புரம் மாவட்டம் மூழ்கியபோது, கூரை மீது நின்றவர் கையில் இருந்த கைப்பேசிக்கு வேண்டியிருந்ததும் கேட்கிற ஒரு காதுதான்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. அதை எளிதில் தள்ள முடியாது. மனிதக் குரல் என்றாலே நியாயமான குரலா? ஊருக்குச் சேதி சொல்லும் தண்டோரா வேலை காலங்காலமாக ஒடுக்கப்பட்ட சாதியினர் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது 2022 ஆகஸ்டில்தான். ஊர் நடுவில் வைத்த ஒலிபெருக்கி சேரி வரை கேட்குமா என்பதும், கோயிலில் வைத்த மையத்துக்குள் எல்லோரும் நுழைய முடியுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விகள். பதிவு செய்த குரல் அழைப்பவரின் தெருவை விசாரிப்பதில்லை. பெண் என்றால் 'வீட்டில் ஆம்பளை இல்லையா' என்று கேட்பதில்லை. இந்தச் சமத்துவம் சிறிய வரவு அல்ல. அதை இழந்துவிட்டு ஊர்ப் பாசத்துக்குத் திரும்பச் சொல்வது என் நோக்கமும் இல்லை. ஆனால் பட்டியலுக்கும் ஒரு பாகுபாடு உண்டு. எழுத்துத் தமிழ் பழகியவர் ஒரே தடவையில் கடந்துபோகும் வாக்கியத்தில், பழகாதவர் மூன்று தடவை மாட்டிக்கொள்கிறார். சாதியைக் கேட்காத குரல், பள்ளிப் படிப்பை மட்டும் ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறது. வடிவமைப்பவர் இரண்டு கதவுகளையுமே திறக்க வேண்டியிருக்கிறது.

பேச்சையே புரிந்துகொள்ளும் இயந்திரம் வந்துவிட்டது, இனிப் பட்டியலே வேண்டாம் என்பது இன்றைய வாதம். இந்த ஆசைக்கும் தமிழ்நாட்டில் வயதாகிவிட்டது. 2000-களின் நடுவிலேயே கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதே சுவாமிநாதன் நிறுவனத்தோடு சேர்ந்து, திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டியில் விவசாயிகளுக்காகப் பேச்சறியும் அமைப்பு ஒன்றைச் சோதித்தார்கள். சில சொற்களை மட்டுமே அறிந்த சிறிய அமைப்பு அது. கிராமத்தார் குரலிலேயே பயிற்றுவித்தார்கள். பிறகு மத்திய அரசின் ஆதரவில், சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து, தமிழ் உட்பட 6 மொழிகளில் விளைபொருள் விலையைப் பேசிக் கேட்கும் தொலைபேசி அமைப்பை உருவாக்கின. இவற்றுக்கு இடையில், குஜராத் கிராமங்களில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஒப்பாய்வு எதிர்பாராததைச் சொன்னது: பேசி விடை தரும் முறையைவிடப் பொத்தானை அழுத்தும் முறையில்தான் கூடுதலானோர் வேலையை முடித்தார்கள். அன்றைக்கிருந்த பேச்சறிதலை வைத்துச் சொன்ன முடிவு அது; இன்றைய இயந்திரங்கள் பல மடங்கு தேர்ந்தவை. ஆனாலும் சொல்வங்கிக்குள் எந்தச் சொல் போகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நிலக்கடலை, வேர்க்கடலை, மணிலா, மல்லாட்டை நான்கும் ஒன்றென்று யாராவது அதற்குச் சொல்லித் தர வேண்டும். ரெண்டு என்றால் இரண்டு, ஒண்ணு என்றால் ஒன்று என்பதையும் அப்படித்தான்.

பதில் பேசும் பக்கத்திலும் தமிழ் தனி உழைப்பைக் கேட்கிறது. தொகையை வாசிக்க, ஆங்கிலத்தில் சில டஜன் சொற்களைப் பதிந்து ஒட்டினால் ஏறக்குறைய சரியாக வந்துவிடும். தமிழில் நூறு, அடுத்து எண் வந்தால் நூற்று ஆகிறது. ஆயிரம், ஆயிரத்து ஆகிறது. இருபது, இருபத்து ஆகிறது. முந்நூறு, நானூறு, எண்ணூறு, தொள்ளாயிரம் என ஒவ்வொரு நூறும் தனித்தனி வடிவம். ஒரு குவிண்டால் 7,845 ரூபாய் என்பதை 'ஏழு, ஆயிரம், எண்ணூறு, நாற்பது, ஐந்து' என்று துண்டு துண்டாக ஒட்டினால் கேட்பவர் மனத்தில் தொகையே உருவாகாது. 'ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பத்தைந்து' என்று ஓடினால்தான் அது விலை. இதைச் செய்யப் பதிவுக்கூடத்தில் கூடுதல் நேரம் ஆகும். கேட்பவருக்காக அப்படி நேரம் செலவிட்டவர்கள் முன்பு வானொலியில் இருந்தார்கள். 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் ஏ.டி.டி. 27 என்ற நெல்லைப் பயிரிட்டபோது, அந்த ரகத்துக்கே ரேடியோ நெல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேட்டவர்கள் தங்கள் வாயால் பெயர் சூட்டும் அளவுக்கு அந்தக் குரல் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

கோலியனூர் ஒன்றியத்து விவசாயிக்காக நாளை ஒரு குரல் அமைப்பை நிறுவப்போகிறவருக்கு வில்லியனூர் அனுபவம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. அவர் முதல் வாரத்தைச் சென்னை அலுவலகத்தில் கழிக்காமல், விழுப்புரம் விற்பனைக்கூட வாசலிலும் கோலியனூர் கூட்டுரோட்டு உரக்கடைகளிலும் கழிக்கலாம். என்ன கேட்கிறார்கள், எந்தச் சொல்லில் கேட்கிறார்கள், பதில் கிடைக்காவிட்டால் அடுத்து யாரிடம் போகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் மல்லாட்டை இருக்கும்.