பஞ்சத்திற்கு முன்னே நட்ட மரங்கள்



பசித்தவனுக்கு இன்று ஒருவேளை உணவளிப்பது இரக்கம். நாளையும் அதற்கு மறுநாளும் அவன் பசியாதிருக்க வழிசெய்வது பொறுப்பு. இரக்கம் நம்மிடம் எளிதில் பொங்கி எழும்; பொறுப்போ பொறுமையைக் கேட்கும். இவ்விரண்டையும் ஒருங்கே சுமந்த பண்டித ரமாபாயின் வரலாற்றை இந்த வாரம் தியானிப்போம்.

1858-ஆம் ஆண்டு பிறந்த ரமாபாய், பசியைப் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தவர் அல்லர். 1870-களில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, ஊர் ஊராகச் சென்று புராணம் வாசித்துப் பிழைத்த அவருடைய குடும்பம் பட்டினியில் சிக்கியது. தந்தை, தாய், மூத்த சகோதரி ஆகிய மூவரையும் அவர் அடுத்தடுத்து இழந்தார். சகோதரரோடு நெடுந்தூரம் நடந்து அலைந்து, 1878-இல் கல்கத்தாவை அடைந்தார். அங்கே அவருடைய சமஸ்கிருதப் புலமைக்காகப் 'பண்டிதை' என்னும் பட்டம் பெற்றார். 1882-இல் கணவரும் மறைய, கைக்குழந்தை மனோரமாவோடு விதவையானார். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

1889-இல் மும்பையில் விதவைகளுக்கென 'சாரதா சதன்' என்னும் இல்லப்பள்ளியைத் தொடங்கி, மறு ஆண்டு அதைப் புனேவுக்கு மாற்றினார். எவரையும் மதம் மாற்றுவதில்லை என்பது அப்பள்ளியின் நிபந்தனை. ஆயினும் அவர் கதவைத் திறந்து வைத்து ஜெபித்தபோது, மாணவிகள் சிலர் தாமாக வந்து அமர்ந்தனர். 1893-இல் இது பெரும் சர்ச்சையாயிற்று. ரானடே, பண்டார்க்கர் போன்ற மதிப்பிற்குரிய ஆதரவாளர்கள் விலகினர். பல பெண்கள் வீட்டிற்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பெற்றோரின் நம்பிக்கையும் பெரிது. தலைவியின் மனச்சாட்சியும் பெரிது. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது எத்தனை கடினம் என்பதை, சபையின் பெயரால் பொதுப்பணி செய்யும் எவரும் அறிவர்.

அவர் கதவையும் மூடவில்லை, பள்ளியையும் மூடவில்லை. அமெரிக்க நண்பர்கள் பத்து ஆண்டுகளுக்கே உதவி வாக்களித்திருந்தனர். அந்தக் காலம் முடிந்தபின் என்ன செய்வது? அந்தக் கேள்வியை அவர் முன்னதாகவே கேட்டார். புனே மாவட்டத்துக் கேட்காவ் என்னும் ஊரில் நிலம் வாங்கி, வருமானத்திற்காகப் பழமரங்களை நட்டார். செழிப்பான ஆண்டுகளில் களஞ்சியம் கட்டிய யோசேப்பை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

1896-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தது. ரமாபாய் நேரில் சென்று, ஆதரவற்ற பெண்களை நூற்றுக்கணக்கில் அழைத்து வந்தார். புனேயிலோ பிளேக் நோய். அங்கே கூட்டமாய்த் தங்க வைக்க இயலவில்லை. வருமானத்திற்கென வாங்கிய நிலமே அடைக்கலமாயிற்று. அங்கேதான் 'முக்தி' இல்லம் எழுந்தது. 1900-ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்குப் பின் அங்கே தங்கியவர்கள் ஏறக்குறைய 2,000 பேர்.

அத்தனை பேருக்கும் சோறும் துணியும் தண்ணீரும் வேண்டும். கிணறுகள் வெட்டப்பட்டன. அவர்கள் நெசவு, எண்ணெய் ஆட்டுதல், தோட்ட வேலை, அச்சுக்கோப்பு ஆகியவற்றைக் கற்றனர். பார்வையற்றோர் பிரெயில் முறையில் வாசித்தனர். நேற்று பிச்சைப் பாத்திரம் ஏந்திய கை, மராத்தி வேதாகமத்தின் எழுத்துக்களை அச்சுக்கோத்தது. உதவி பெறுபவரை என்றென்றும் பெறுபவராகவே வைத்திருப்பது அன்பாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

தமக்குப் பின் பொறுப்பேற்க மகள் மனோரமாவை ஆயத்தப்படுத்தியிருந்தார். ஆனால் 1921-இல் மகள் முந்திக்கொண்டாள். 1922 ஏப்ரல் 5 அன்று தாயும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எண்ணிய வாரிசு இல்லை. ஆயினும் பணி நிற்கவில்லை. வேலை ஒருவர் கையில் மட்டும் இராமல் பலர் கைகளில் பகிரப்பட்டிருந்ததால், முக்தி இல்லம் இன்றும் கேட்காவில் நிலைத்திருக்கிறது.

அன்பானவர்களே, உங்கள் சபை நடத்தும் உணவுப் பணியையும் முதியோர் உதவியையும் எண்ணிப் பாருங்கள். காணிக்கை குறையும் ஆண்டிற்காக எந்த மரத்தை நட்டிருக்கிறீர்கள்? உங்களிடம் உணவு பெறுபவர் கற்றுக்கொள்ளும் தொழில் என்ன? நீங்கள் இல்லாத நாளில் சாவி யாரிடம் இருக்கும்? இக்கேள்விகளை விசுவாசக் குறைவென்று தள்ளிவிடாதீர்கள். ஜெபத்தில் முழங்காலிட்ட ரமாபாயே கிணறு வெட்டவும் ஆள் நிறுத்தினார்.

இரக்கமுள்ள இருதயத்தோடு முன்னறிந்து செயல்படும் ஞானத்தையும் கர்த்தர் நமக்கு அருள்வாராக. ஆமென்.