மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப்



ஒரு வக்கீலின் வாழ்க்கையை வரலாறு என்று கொண்டு பேசலாமா என்ற ஐயம் உங்களில் சிலருக்கு எழக்கூடும். அரசர் ஆண்டனர், படைத்தலைவர் போரிட்டனர், புலவர் பாடினர், ஆதலின் அவர்களுக்கு வரலாறு உண்டு. வக்கீல் செய்வது என்ன? பிறருடைய வழக்கைத் தம் நாவில் ஏற்றிக்கொண்டு பேசுகிறார். அதற்குக் கூலி பெறுகிறார். தீர்ப்பு வந்ததும் காகிதக் கட்டைக் கட்சிக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த கட்டை அவிழ்க்கிறார். பெரும்பாலான வக்கீல்களின் கதை இதற்குமேல் போவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும், ஊராருடைய வழக்கை இவ்வாறு திருப்பிக் கொடுக்க மனமின்றித் தம் வழக்காகவே ஆக்கிக்கொண்ட ஒருவரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அப்படி ஆக்கிக்கொள்ள உமக்கு என்ன உரிமை என்று அவரைக் கேட்டவர், அந்நாளில் இந்தியாவிலேயே தலைசிறந்த மனிதர். அந்தக் கேள்வி எனக்கு இன்றளவும் முக்கியமாகவே தோன்றுகிறது.

ஜார்ஜ் ஜோசப் 1887-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5-ஆம் நாள், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடங்கியதும் இன்று கேரளத்தில் உள்ளதுமான செங்கன்னூரில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பத்திரிகை உலகில் பெரும்பெயர் எடுத்த போத்தன் ஜோசப் இவருக்குத் தம்பி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும், பின்னர் எடின்பரோவிலும் படித்துத் தத்துவத்தில் பட்டம் பெற்று, லண்டனில் மிடில் டெம்பிளில் சட்டம் பயின்று, 1909-இல் தாயகம் திரும்பினார். சில காலம் சென்னையில் இருந்துவிட்டு மதுரைக்கு வந்து தொழில் நடத்தலானார். பாரிஸ்டர் பட்டம், நல்ல ஆங்கிலம், வாட்டசாட்டமான தோற்றம், இங்கிலாந்து வாசம் ஆகிய இவையெல்லாம் வாய்த்த ஒருவருக்கு அந்நாளில் அரசாங்கத்தின் நன்மதிப்பும் பணமும் தாமே தேடிவரும். அவர் நாடிச் சென்றதோ வேறு திசை.

அன்னி பெசண்ட் அம்மையாரின் ஹோம்ரூல் இயக்கம் அவரை ஈர்த்தது. இந்தியாவுக்குச் சுயாட்சி வேண்டுமென்று இங்கிலாந்து மக்களிடமே நேரில் எடுத்துரைக்க 1918-இல் புறப்பட்ட தூதுக்குழுவில் அவரும் ஒருவர். கப்பல் ஜிப்ரால்டரை அடைந்ததும் அதிகாரிகள் குழுவினரைத் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டனர். அதே ஆண்டில் மதுரையில் பேசிய பேச்சுக்காக டாக்டர் வரதராஜுலு நாயுடு மீது அரசாங்கம் வழக்குத் தொடுத்தபோது, அவருக்காக வாதாடிய ராஜாஜிக்குத் துணைநின்றவரும் ஜோசப்பே. மதுரையில் ஹார்வி ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்ததும் 1918-இல்தான். அதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் ஜோசப் ஒருவர். சங்கம் முதலில் சிறிது கூலி உயர்வும் வேலைநேரக் குறைப்பும் பெற்றது. பின்னர் ஆலை முதலாளிகளும் அரசாங்கமும் ஒன்றுசேர்ந்து அதை ஒடுக்கினர். தோல்வி என்று சொல்லிவிடலாம். ஆனால் பஞ்சாலைத் தொழிலாளியோடு சமமாக உட்கார்ந்து பேசிய பாரிஸ்டரை மதுரை அப்போதுதான் முதன்முறை கண்டது.

இனி நான் சொல்லவிருக்கும் செய்தியைச் சற்றுப் பொறுமையாகக் கேட்கவேண்டும்.

மதுரைக்கு மேற்கே, திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் பிரமலைக் கள்ளர்கள் வாழ்கின்றனர். பழைய நாளில் ஊர்க்காவல் அவர்கள் பொறுப்பில் இருந்தது. காவலுக்கு ஊரார் கூலி கொடுப்பர். களவு போனால் பொருளை மீட்டுத் தருவதும் காவல்காரர் கடமை. பிரிட்டிஷ் ஆட்சியில் போலீஸ் வந்தது. பழைய காவல்முறை குற்றமாயிற்று. 1895-இல் பெரியாற்று அணை நீர் மதுரை ஜில்லாவின் பல பகுதிகளைச் செழிக்கச் செய்தபோதும், மேற்கே அவர்கள் வாழ்ந்த வறண்ட நிலத்தில் பெரும்பகுதிக்கு அந்த நீர் எட்டவில்லை. தொழிலும் போய், நிலமும் காய்ந்து கிடந்த மக்கள் மீது குற்றப்பரம்பரைச் சட்டம் வந்து விழுந்தது. 1871-இல் வட இந்தியாவுக்கென்று பிறந்த அச்சட்டம், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை ராஜதானிக்கும் பொருந்துவதாயிற்று. 1914-இலிருந்து கள்ளர் ஊர்கள் படிப்படியாக அதன் பிடிக்குள் வந்தன.

அந்தச் சட்டத்தின் வேலை எத்தகையது? ஒருவன் திருடினான் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இன்ன குலத்தில் பிறந்தான் என்பதே போதும். வயதுவந்த ஆண்மகனின் கைரேகையைப் பதிவேட்டில் எடுத்துக்கொள்வார்கள். பின்பு இரவுதோறும் அவன் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ வந்து படுக்கவேண்டும். வேற்றூர் செல்லவேண்டுமானால் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். புதிதாக மணம் முடித்தவனுக்கும் விலக்கில்லை. வீட்டில் பிணம் கிடந்தாலும் விலக்கில்லை என்று அப்பக்கத்து முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இவற்றைக் காட்டிலும் கொடியதாக எனக்குத் தோன்றுவது சட்டத்தின் மற்றொரு பகுதி. ஒரு கூட்டத்தாரைக் குற்றப்பரம்பரையென அரசாங்கம் அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்புச் சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக்கூடாது. பதிவேட்டில் தன் பெயர் சேர்ந்தது தவறென்று ஒருவன் முறையிட விரும்பினால், அதே சட்டத்தை நடத்திவைக்கும் ஜில்லா அதிகாரியிடமே போய் நிற்கவேண்டும். ஒரு வக்கீலின் பார்வையில் இதன் பொருள் என்னவென்று எண்ணிப்பாருங்கள். வாதாடுவதற்கென்று இருந்த வாசலையே சட்டம் சுவர் வைத்து அடைத்துவிட்டது.

1920-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் மக்கள் கைரேகை வைக்க மறுத்துத் திரண்டு நின்றனர். போலீசார் சுட்டனர். மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். ஜாலியன்வாலா பாக் நடந்து அப்போது ஓராண்டும் நிறையவில்லை. அந்தப் பெயரை அறியாத மாணவர் இரார். பெருங்காமநல்லூரின் பெயரைப் பாடப்புத்தகத்தில் தேடித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

கள்ளர்களுக்காக ஜோசப் நீதிமன்றங்களில் வழக்காடினார், பத்திரிகைகளில் எழுதினார், அச்சட்டம் அநீதியானது என்று ஓயாமல் எடுத்துரைத்தார். அவர் அவர்கள் குலத்தவரல்லர், சமயத்தவரல்லர், தாய்மொழியும் வேறு. அவர்கள் அவருக்கு இட்ட பெயர் ‘ரோசாப்பூத் துரை’. கோட்டில் ரோஜாப்பூ அணிந்திருப்பார், அதனால் வந்த பெயர் என்பர். ஜோசப் என்ற வாய்க்கு வராத பெயர் கிராமத்து நாவில் உருண்டு உருண்டு ரோசாப்பு ஆகியிருக்கலாம் என்பது என் எண்ணம். எப்படி வந்திருந்தாலும் அழகான பெயர்தான். தங்கள் பிள்ளைகளுக்கு ரோசாப்பு என்றே பெயரிடும் வழக்கமும் அவர்களிடையே உண்டாயிற்று.

ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் ஜோசப் தொழிலை விட்டார், கதர் உடுத்தார். மோதிலால் நேருவின் ‘இன்டிபெண்டன்ட்’ பத்திரிகைக்கு ஆசிரியராக அலகாபாத் சென்றார். 1921 டிசம்பரில் சிறைப்பட்டார். லட்சுமணபுரிச் சிறையில் ஜவாஹர்லால் நேருவும் மகாதேவ தேசாயும் உடனிருந்தனர். விடுதலைக்குப் பின், காந்தியடிகள் சிறையிலிருந்த காலத்தில், அடிகளின் ‘யங் இந்தியா’வுக்குச் சில காலம் ஆசிரியராகவும் இருந்தார். காந்தியடிகளுக்கு அவர் எவ்வளவு நெருங்கியவராயிருந்தார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. பின்னால் நேர்ந்த கருத்து வேற்றுமையின் அழுத்தத்தை உணர்வதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அந்த வேற்றுமை வைக்கத்தில் தோன்றியது. திருவிதாங்கூரில் வைக்கம் மகாதேவர் ஆலயத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் ஈழவர், புலையர் முதலிய மக்கள் நடக்கக்கூடாதென்று தடை இருந்தது. கோயிலுக்குள் புகுவது பற்றிய பேச்சே அன்று இல்லை. வீதியில் நடப்பது பற்றித்தான் பேச்சு. 1924 மார்ச் 30-ஆம் நாள் சத்தியாகிரகம் தொடங்கியது. புலையர் ஒருவர், ஈழவர் ஒருவர், நாயர் ஒருவர் என மூவர் முதல் நாள் நடந்து சென்று கைதாயினர். டி. கே. மாதவன், கே. பி. கேசவ மேனன் முதலிய தலைவர்களும் அடுத்தடுத்துச் சிறை சென்றனர். தலைமையை ஜோசப் ஏற்றார்.

இந்த இடத்தில் காந்தியடிகள் குறுக்கிட்டார். ஏப்ரல் 6-ஆம் நாள் ஜோசப்புக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: தீண்டாமை இந்துக்களின் பாவம்; அதைக் கழுவித் தூய்மை பெறவேண்டியவர்களும் இந்துக்களே; நீங்கள் அனுதாபத்தாலும் எழுத்தாலும் உதவலாம், போராட்டத்தை நடத்தவோ அதில் ஈடுபடவோ வேண்டாம். ஜோசப் ஏப்ரல் 11-இல் கைதாகிச் சிறைபுகுந்தார். பின்னர் சீக்கியர்கள் வைக்கத்துக்கு வந்து தொண்டர்களுக்கு இலவச உணவு சமைத்துப் போட்டதையும் அடிகள் விரும்பவில்லை.

அடிகளின் கூற்றில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு சமயத்தாரின் உள்வழக்கை மற்றொரு சமயத்தார் கண்டிக்கப் புகுந்தால், திருந்தவேண்டியவர்கள் திருந்தாமல் வீம்புக்கு நிற்பார்கள். சீர்திருத்தம் சமயப் பூசலாக மாறிவிடும். தம் வீட்டைத் தாமே கூட்டவேண்டும் என்ற எண்ணத்தில் ஓர் அடக்கமும் இருக்கிறது. ஆனால் ஜோசப்பின் பக்கத்தையும் பாருங்கள். வீதி வீடன்று. அது பொதுப்பணத்தில் போட்ட பாதை. அதில் நடப்பது குடியுரிமை. அதைத் தடுப்பது குடிமக்கள் அனைவரையும் தொட்ட வழக்கு. விசித்திரம் என்னவென்றால், அதே வீதியில் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் தடை கிடையாது. ஜோசப் தாராளமாக நடக்கலாம். இந்துவாகிய ஈழவர் நடக்கக்கூடாது! தமக்குக் கிடைத்த உரிமை அடுத்தவனுக்கு இல்லையென்று கண்டவன், ‘இது என் சமயத்து விவகாரம் அன்று’ என்று ஒதுங்கி நடந்து செல்வது எப்படி? பெருங்காமநல்லூரை அறிந்த வக்கீலுக்கு அது இயலவில்லை. இருபக்கத்து நியாயத்தையும் நிறுத்துப் பார்த்தால், என் தராசு ஜோசப்பின் பக்கமே தாழ்கிறது.

ஜோசப் சிறைசென்றபின், ஏப்ரலிலேயே, ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ. வே. ராமசாமி வைக்கம் சென்று போராட்டத்தைத் தாங்கிப்பிடித்தார். இருமுறை சிறையும் புகுந்தார். 1925 நவம்பரில், கோயிலின் மூன்று பக்கத்து வீதிகள் திறக்கப்படவே போராட்டம் நின்றது. கீழ்வீதி மட்டும் அப்போதைக்கு எஞ்சியது. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப்பிரவேசப் பிரகடனம் வந்தபோது, வீதியோடு கோயிலும் திறந்தது.

இதன்பின் ஜோசப் மதுரைக்குத் திரும்பிப் பழையபடி கறுப்புக் கவுன் தரித்தார். தேசிய இயக்கத் தலைமையோடு முன்போன்ற நெருக்கம் அவருக்கு இல்லை. எனினும் சைமன் குழு மதுரைக்கு வந்தபோது எதிர்ப்புக்கு முன்னின்றார். 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜரைச் சிக்கவைத்தபோது, வரதராஜுலு நாயுடுவும் ஜோசப்பும் அவருக்காக வாதாடினர். 1918-இல் எந்த நாயுடுவைக் காக்கும் வழக்கில் ஜோசப் துணைநின்றாரோ, அதே நாயுடு பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் அருகே நின்று வேறோர் இளைஞனைக் காத்தார். குற்றச்சாட்டு பொய்யென்று தள்ளுபடியாயிற்று. காமராஜர் பின்னாளில் 1954 முதல் 1963 வரை நம் மாநிலத்தின் முதலமைச்சராக விளங்கியதை நீங்கள் அறிவீர்கள்.

1937-இல் மத்திய சட்டசபைக்கு ஜோசப் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அவரது உடல்நலம் கெட்டிருந்தது. 1938 மார்ச் 5-ஆம் நாள் மதுரையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 50. இன்று மதுரையில் யானைக்கல் பகுதியில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஊர்ப்புறத்திலிருந்து வந்து மாலையிடுகிறவர்களில் கிறிஸ்தவர்களைக் காட்டிலும் கள்ளர் மக்களே மிகுதி.

அவர் எதிர்த்துநின்ற குற்றப்பரம்பரைச் சட்டம் அவர் உயிரோடிருந்தவரை நீங்கவில்லை. முத்துராமலிங்கத் தேவர் முதலியோர் தொடர்ந்து போராடினர். சென்னை மாகாணத்தில் அது ரத்தானது 1947-இல்; இந்தியா முழுவதிலும் 1952-இல்.