எல்லைக் கோடும் அடைத்த தெருவும்: ஊராட்சி மன்ற வரலாற்றில் தோட்டத்து மக்கள்



எஸ்.பி.எம். வரலாற்றுத் தாளுக்குப் படிக்கும் எந்தப் பிள்ளையிடமும் 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராண்மைக் கழகத் தேர்தலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் சொல்வார்கள். மொத்தம் 12 இடம், அம்னோ – ம.சீ.ச. கூட்டுக்கு 9, டத்தோ ஓன் ஜாஃபாரின் மலாயா சுதந்திரக் கட்சிக்கு 2, சுயேச்சைக்கு 1. கூட்டணி அரசியல் அங்கேதான் பிறந்தது என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுவார்கள். மதிப்பெண் வந்துவிடும். "சரிப்பா, ஜெயிச்சு வந்தவங்க அந்த மன்றத்துல உட்கார்ந்து என்ன வேலை செஞ்சாங்க?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும்.

சாக்கடை, குப்பை, சந்தை, தெருவிளக்கு, கட்டட அனுமதி, எந்தத் தெருவை எந்த நாளில் அடைப்பது, யாரிடம் எவ்வளவு வரி வாங்குவது. ஊராட்சி மன்றத்தின் வேலை இதுதான். கேட்க சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒரு சாதாரண குடும்பம் அரசாங்கத்தோடு அன்றாடம் மோதுகிற இடம் நாடாளுமன்றம் கிடையாது, இந்தச் சாக்கடைதான். அந்த மன்றத்தின் எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது, அதை யார் இழுக்கிறார்கள் என்ற கேள்வி நம் தோட்டத்து மக்களின் வரலாற்றில் பெரிய கேள்வி. பாடநூலில் அதற்கு இடம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். பினாங்கில் 1857-லேயே நகராண்மை ஆணையர்களில் சிலரைத் தேர்தலில் தேர்ந்தெடுத்தார்கள். 1913-இல் பிரிட்டிஷார் அந்தத் தேர்தலை எடுத்துவிட்டார்கள். மறுபடியும் வாக்குப்பெட்டி வந்தது 1951 டிசம்பர் 1-ஆம் தேதி, அதுவும் ஜார்ஜ் டவுனில்தான். 1957 ஜனவரி 1-ஆம் தேதி, நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு மாதம் முன்பே, ஜார்ஜ் டவுன் மாநகரமாக உயர்ந்தது. அதன் முதல் மேயர் டி.எஸ். இராமநாதன், தொழிற்கட்சிக்காரர். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி மன்றத்தைப் பிடித்து வைத்திருந்தது. பட்டணத்தில் இருந்த தமிழனுக்கு ஊராட்சியில் ஒரு குரல் இருந்தது என்பதற்கு இந்த இரண்டு ஊர் போதும்.

தோட்டத்தில் இருந்த தமிழன் கதை வேறு. 1952-இல் ஊர் மன்றங்களுக்கான சட்டம் வந்தது. அவசரகாலத்தில் பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் உருவான புதுக்கிராமங்கள் பலவற்றுக்கு அந்தச் சட்டப்படி சொந்த மன்றம் கிடைத்தது. பின்னாளில் தீபகற்பத்தில் எண்ணிப் பார்த்தபோது மொத்தம் இருந்த 374 ஊராட்சி அமைப்புகளில் 289 இப்படிப்பட்ட சின்ன ஊர் மன்றங்கள். முள்வேலிக்குள் குடிவைக்கப்பட்ட கிராமத்துக்குக்கூட ஒரு மன்றம் வந்தது. அதே காலத்தில், அதே அளவு சனம் இருந்த ரப்பர் தோட்டத்துக்கு வரவில்லை. காரணம் எளிது: தோட்டம் கம்பெனி நிலம். வீடு, தண்ணீர், பிள்ளைக் கொட்டகை, மருந்து எல்லாம் முதலாளியின் கடமை என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு முதல் 1990-இல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் வரைக்கும் ஒரே தடத்தில்தான் போகிறது. லயத்து வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டால் கிராணியிடம் சொல்ல வேண்டும், கிராணி துரையிடம் சொல்ல வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிற மன்ற உறுப்பினர் அந்தப் பக்கமே வந்ததில்லை, ஏனென்றால் அது அவருடைய எல்லை இல்லை.

இனி 1965. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்த நேரம். மார்ச் 1-ஆம் தேதி ஊராட்சித் தேர்தல்கள் அவசரகால விதியின் கீழ் நிறுத்திவைக்கப்பட்டன. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். பட்டணங்களில் எதிர்க்கட்சிகளின் கை ஓங்கியிருந்ததும் ஒரு காரணம் என்று பல ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் யார் தெரியுமா? செனட்டர் ஆதி நாகப்பன், ம.இ.கா.காரர், வழக்கறிஞர். அவர் துணைவியார் ஜானகி, நேதாஜியின் ஜான்சிராணிப் படையில் இரண்டாம் நிலைத் தளபதியாக இருந்தவர். நம் பிள்ளைகளுக்கு ஜானகியைத் தெரியும், ஆதி நாகப்பனைத் தெரியாது. இந்த நாட்டின் ஊராட்சி பற்றி எழுதும் எந்தச் சட்ட மாணவரும் அவர் அறிக்கையைத் தொடாமல் போக முடியாது.

அறிக்கை 1968-இல் முடிந்தது. 1971-இல்தான் வெளியே வந்தது. அதன் சாரம் இது: தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் ஊழலும் சண்டையும் நிர்வாகக் கோளாறும் இருந்தது உண்மை, அப்படியிருந்தும், நியமிக்கப்பட்ட மன்றத்தைவிடத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே மேல். தேர்தலை மீண்டும் கொண்டுவர வேண்டும், சிதறிக் கிடக்கும் சின்ன மன்றங்களை ஒன்று சேர்க்க வேண்டும் என்று ஆணையம் கேட்டது. அரசாங்கம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. முதலாவதை விட்டுவிட்டது.

1973-இல் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம், 1976-இல் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171. இந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுதான் ஊராட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மாணவர்கள் இங்கே தடுமாறுகிறீர்கள், கவனியுங்கள்: 1965-இல் தேர்தல் நிறுத்திவைக்கப்பட்டது, 1976-இல் சட்டப்படி நீக்கப்பட்டது. "1965-இல் ஒழிக்கப்பட்டது" என்று எழுதாதீர்கள். இன்றைக்கு ஒரு மன்றத்தில் தலைவரைத் தவிர 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்போகாமலும் உறுப்பினர் இருக்கலாம். எல்லாரையும் மாநில அரசு நியமிக்கிறது.

அதே சட்டம்தான் எல்லைக் கோட்டுக்கும் வழி சொல்கிறது. நிலமும் ஊராட்சியும் கூட்டரசு அரசமைப்பில் மாநிலப் பட்டியலில் வருபவை. ஆகவே ஓர் இடத்தை மன்ற எல்லைக்குள் சேர்ப்பது, எல்லையை விரிப்பது, இரண்டு மன்றங்களை இணைப்பது எல்லாம் மாநில அரசு அரசிதழில் அறிவித்துச் செய்யும் காரியம். "மாவட்ட மன்றம் நம்ம தோட்டத்தைச் சேர்த்துக்கிச்சு" என்று சனங்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். மன்றம் கேட்கலாம், பரிந்துரைக்கலாம், முடிவு மாநிலத்தினுடையது.

1970களில் இந்த இணைப்பு நடந்தபோது மன்ற எல்லைகள் பட்டணத்தைத் தாண்டி வெளியே விரிந்தன. பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றமும் தீவின் புறநகர் மன்றமும் 1974-இல் ஒன்றாயின. கெடாவிலும் இன்றைக்கு ஏறக்குறைய மாவட்டத்துக்கொரு மன்றம். ஒரு காலத்தில் கோத்தா ஸ்டாரோடு சேர்ந்திருந்த நம் பெண்டாங் தனி மாவட்டமாகி, பெண்டாங் மாவட்ட மன்றத்தின் கீழ் இருக்கிறது. வடக்கே அலோர் ஸ்டார் பக்கம் நெல்வயல். தெற்கே கோலமூடாவுக்குள் இறங்கினால் குரூண், பீடோங், சுங்கை பட்டாணி என்று கித்தாக் காடும் செம்பனையும். இந்தத் தெற்குப் பக்கத்தில் கோடு நகர்ந்ததுதான் நம் சனங்களைத் தொட்டது.

கோட்டுக்குள் வந்தால் என்ன கிடைக்கும்? மன்றம் மதிப்பீட்டு வரி விதிக்கலாம். சட்டப்படி ஆண்டு வாடகை மதிப்பில் 35 விழுக்காடு வரை போகலாம். நடைமுறையில் மன்றங்கள் அவ்வளவு வாங்குவதில்லை. சாலை, விளக்கு, குப்பை வண்டி வரும் என்று எதிர்பார்ப்போம். தோட்டத்துக்கு அப்படி வந்துவிடாது. 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் பொதுச் சாலை வேறு, தனியார் சாலை வேறு. தனியார் சாலையை மன்றம் முறைப்படி பொதுச் சாலையாக அறிவிக்கும்வரை பராமரிப்பு நில உரிமையாளர் பாடு. தோட்டத்து மண்சாலை கம்பெனிச் சாலை. எல்லைக்குள் இருந்தும் எல்லைக்கு வெளியே இருப்பது போல ஒரு நிலை. கம்பெனியைக் கேட்டால் மன்றத்தைக் காட்டும், மன்றத்தைக் கேட்டால் கம்பெனியைக் காட்டும். பழைய துரை காலத்தில் ஒருத்தரிடம்தான் கெஞ்ச வேண்டியிருந்தது!

இன்னொரு விளைவு மெதுவாக வந்தது. பட்டணம் கிட்ட வந்ததும் தோட்டத்து நிலத்தின் விலை ஏறியது. தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் வந்தால் பால்மரம் விழும், தாமான் எழும். வீட்டுரிமை வேலையோடு ஒட்டியிருந்ததால், வேலை போனவுடன் லயத்து வீடும் போனது.

இதன் பெரிய உதாரணம் கோலாலம்பூர். 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி சிலாங்கூர் தன் தலைநகரைக் கூட்டரசுக்கு விட்டுக்கொடுத்தது. சுமார் 93 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 243 ஆனது. பிரிந்த இடத்தில் சிலாங்கூர் கட்டிய வளைவு இன்றும் கூட்டரசு நெடுஞ்சாலையின் மேல் நிற்கிறது. அந்தப் புதிய எல்லைக்குள் வந்தவற்றில் புக்கிட் ஜாலில் தோட்டமும் ஒன்று. 1980-இல் அரசு அந்தத் தோட்டத்தைக் கையகப்படுத்தியது. பின்னர் தேசிய விளையாட்டரங்கம் அந்த வட்டாரத்தில் எழுந்தது. கடைசியாக மிஞ்சிய 41 குடும்பங்கள் வீட்டுக்காக 4 ஏக்கர் கேட்டு மாநகர் மன்றத்தோடு மல்லுக்கு நின்றது 2010களின் தொடக்கத்தில். கோடு போட்டு முப்பத்தைந்து ஆண்டு கழித்து! அவர்களுக்கு வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்ற உறுப்பினர் ஒருவரும் இல்லை.

சென்னையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2011-இல் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என 42 அமைப்புகளைச் சென்னை மாநகராட்சி விழுங்கியது. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. அங்கேயும் வரி, குப்பை, சாலை என்று ஏகப்பட்ட முனகல். ஆனால் வட்டங்கள் 155-லிருந்து 200 ஆக, அதே ஆண்டு அக்டோபரில் சேர்க்கப்பட்ட ஊர்க்காரர்களும் வாக்களித்தார்கள். அதையும் ரொம்பப் புகழ முடியாது. 2016-இல் அந்த மன்றத்தின் காலம் முடிந்தபின் அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது.

தெரு அடைப்புக்கு வருகிறேன். இதைச் சில்லறை விஷயம் என்று தள்ள வேண்டாம். பாசார் மாலாம் போடுகிற மாலையில் ஒரு தெரு நான்கைந்து மணி நேரம் வண்டிக்கு இல்லாமல் போகிறது. அங்கே கடை போட உரிமம் கொடுப்பது மன்றம், போக்குவரத்தைத் திருப்புவது போலீஸ். தெரு முனையில் கடை வைத்திருப்பவருக்கு அன்று வியாபாரம் படுக்கும். வடை சுட்டு விற்கிற அம்மாவுக்கு அன்றைக்குத்தான் வாரத்து வருமானம். யாருடைய தேவை பெரிது என்று ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். கோயில் தேருக்கும் இதேதான். பினாங்கில் செட்டியார்களின் வெள்ளி ரதம் 1894-இல் வந்தது. பினாங்குத் தெருக் கோவில்வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும் அந்த ஒரு நாளைக்கு நகரமே வழிவிடுகிறது. ரதம் வந்த காலத்தில் அந்த நகராண்மையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையர்களும் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கோலாலம்பூரில் இன்னும் சுவாரசியம். தைப்பூசத்தையொட்டி இரவில் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து கிளம்பும் வெள்ளி ரதம் சுமார் 15 கிலோமீட்டர் நகர்ந்து பத்துமலை சேர்கிறது. கிளம்பும் இடம் கூட்டரசுப் பிரதேசம், சேரும் இடம் சிலாங்கூரில் செலாயாங் மன்றத்தின் எல்லை. நடுவில் 1974-இல் இழுத்த கோட்டைத் தேர் தாண்டுகிறது. ஒரே ஊர்வலத்துக்கு இரண்டு ஊராட்சி அமைப்புகள். "நிர்வாக எல்லை என்றால் என்ன?" என்று படிவம் ஒன்று பிள்ளைக்குப் புரியவைக்க இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

தேர்தலைத் திரும்பக் கொண்டுவர முயற்சியே இல்லையா என்று எஸ்.டி.பி.எம். மாணவர்கள் கேட்பீர்கள். பினாங்கு மாநிலம் 2012-இல் அதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. அதோடு அந்தக் கதவு சாத்தியபடியே இருக்கிறது.

சாத்தாத ஜன்னல் ஒன்றிரண்டு உண்டு, அவற்றை நம் ஆட்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, அதாவது சட்டம் 172-இன்படி, ஒரு வட்டாரத்தின் உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து, குறித்த காலத்துக்குள் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். எந்தத் தோட்டம் விவசாய நிலமாகவே நிற்கும், எது வீடமைப்புக்குப் போகும் என்பது அந்த வரைபடத்தில் நிறம் நிறமாக இருக்கும். வரி மதிப்பீட்டுப் பட்டியலுக்கும் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். அறிவிப்பு மலாய் மொழியில், மன்ற அலுவலகப் பலகையிலும் நாளிதழ் மூலையிலும் வரும். நம் பெற்றோர்கள் அதைப் படிக்க மாட்டார்கள். படிவம் ஐந்து பிள்ளைகளுக்குப் படிக்க முடியும். வரலாற்றுப் பயிற்சிக்கு ஒரு குழுவாக அனுப்பி, பலகையில் உள்ள ஓர் அறிவிப்பை எடுத்து, எந்தச் சட்டம், யார் கையெழுத்து, எத்தனை நாள் அவகாசம் என்று மூன்றை மட்டும் எழுதிவரச் சொல்லுங்கள். ஆட்சேப நாள் முடிவதற்குள் வீட்டில் காட்டச் சொல்லுங்கள்.