ஆசிரியரின் மரணமும் நம் பெயர்களும்



இலக்கியக் கோட்பாடு என்றால் காலமும் இடமும் கடந்த உண்மை என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு கோட்பாடும் ஏதோ ஓர் அதிகாரத்தோடு மோதிப் பிறந்தது. எந்த அதிகாரத்தோடு என்று கேட்ட பிறகே அதை நாம் கையில் எடுக்க வேண்டும்.

ரோலான் பார்த்தின் 'ஆசிரியரின் மரணம்' 1967இல் ஆங்கிலத்திலும் 1968இல் பிரெஞ்சிலும் வெளிவந்தது. படைப்பின் பொருளை எழுத்தாளரின் வாழ்க்கைக்குள் தேடிய பிரெஞ்சுக் கல்விப்புல விமர்சனத்தோடு அவர் மோதிக்கொண்டிருந்த காலம் அது. 1965இல் சோர்போன் பேராசிரியர் ரேமோன் பிக்கார் அவரைத் தாக்கித் தனி நூலே எழுதியிருந்தார். 'ஆசிரியர்' என்பதே தனிமனிதனைக் கொண்டாடிய நவீன ஐரோப்பா உருவாக்கிய வடிவம் என்றார் பார்த். பொருள்கொள்ளும் உரிமையை வாசகரிடம் கொடுத்தார்.

இந்தச் சிந்தனைகள் தமிழுக்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்தது. தொண்ணூறுகளில் 'நிறப்பிரிகை' பின்நவீனத்துவத்தையும் தலித் அரசியலையும் சேர்த்தே விவாதித்தது. 1991 அம்பேத்கர் நூற்றாண்டு. 1992இல் பாமாவின் 'கருக்கு'. ஆக, ஆசிரியர் இறந்துவிட்டார் என்ற பேச்சு இங்கே சூடுபிடித்தபோதுதான் நம்மவர்கள் தம் வாழ்வைத் தாமே எழுதி அச்சேற்றிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கும் முன்பே எழுதியவர்கள் உண்டு. அயோத்திதாசர் 1907இல் இதழ் தொடங்கி, 1914இல் மறையும்வரை எழுதினார். அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பாக 1999இல்தான் பரவலாக நம் கைக்கு வந்தன. இடைப்பட்ட காலத்தில் அந்த ஆசிரியரை மறக்கடித்தது எந்தக் கோட்பாடும் அல்ல, சாதி. எனவே பெயரை மீட்பது நமக்குப் பழமைவாதம் ஆகாது.

அதற்காகப் பார்த்தை வேண்டாம் என்று தள்ளவும் தேவையில்லை. வாசகரின் இடத்திலிருந்து பிரதியை எடைபோடுவது நமக்குப் புதிதா? 1936இல் லாகூர் மாநாடு ரத்தானதால் பேசமுடியாமல் போன உரையை அம்பேத்கர் தாமே அச்சிட்டார். அதுவே 'சாதி ஒழிப்பு'. சாத்திரங்களைச் சரியாகப் படித்தால் அவை சாதியைச் சொல்லவில்லை என்ற வாதத்தை அதில் அவர் ஏற்கவில்லை. மக்கள் அவற்றை எப்படிப் புரிந்து நடக்கிறார்கள் என்பதே முக்கியம், ஆகவே அவற்றின் புனித அதிகாரத்தையே தகர்க்க வேண்டும் என்றார். பார்த்துக்கு முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன்பு!

அதிகாரம் செலுத்தும் பிரதியின்முன் வாசகராக நின்று கேள்வி கேட்போம். அழிக்கப்பட்ட பெயர்களின்முன் வரலாற்று மாணவராக நிற்போம். இரண்டும் ஒரே வேலைதான். வகுப்பறையில் அடுத்த கோட்பாடு வரும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது எங்கே, எப்போது, யாரை எதிர்த்துப் பிறந்தது?