கடல் பார்க்காத கப்பல்

துறைமுகங்களின் கதை – 17

சென்ற வாரம், அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள டுலூத் ஊர், 1871-ல் மணல்திட்டை வெட்டித் தனக்கென ஒரு கால்வாயைத் திறந்துகொண்ட கதையைப் பார்த்தோம். அந்தக் கால்வாய்க்குள் இன்று வந்துபோகும் கப்பல்களில் மிக நீளமானது 'பால் ஆர். டிரகர்த்தா'. நீளம் 1,013 அடி, அகலம் 105 அடி. 1981-ல் ஒஹையோ மாநிலத்தின் லொரைன் நகரில் கட்டியபோது 'வில்லியம் ஜே. டிலான்சி' என்று பெயர் வைத்தார்கள். 1990-ல் பெயர் மாறியது.

சுப்பீரியர் உள்ளிட்ட பேரேரிகளில் ஓட இப்படி ஆயிரம் அடிக் கப்பல்கள் 13 கட்டப்பட்டன. முதல் கப்பல் வந்தது 1972-ல். அதற்கு முன் ஏன் வரவில்லை? காரணம், சுப்பீரியர், ஹியூரான் ஏரிகளை இணைக்கும் செயின்ட் மேரிஸ் ஆற்றில் இருக்கிறது. சுப்பீரியர் ஏரியைவிட ஹியூரான் ஏரி சுமார் 21 அடி தாழ்வு. கதவு போட்ட பெரிய தொட்டிக்குள் கப்பலை நிறுத்தி, தண்ணீரை ஏற்றியோ வடித்தோதான் கடத்த வேண்டும். 'லாக்' என்பது இதுதான். 1,200 அடி நீளமும் 110 அடி அகலமும் கொண்ட 'போ லாக்' அங்கே 1969-ல்தான் திறந்தது. அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டைதான் இந்தக் கப்பல்கள். உள்ளே நுழைந்தால் இருபுறமும் இரண்டரை அடிதான் மிச்சம்.

டுலூத் கால்வாயின் அகலமே 300 அடிதான். கப்பல் நெருங்கியதும் தூக்குப்பாலத்தின் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும். கப்பல் சங்கு ஊத, பாலமும் பதிலுக்கு ஊதும். எதிர்க்கரையில் விஸ்கான்சின் மாநிலத்துச் சுப்பீரியர் நகரில், மொன்டானா, வயோமிங் சுரங்கங்களிலிருந்து ரயிலில் வந்த நிலக்கரி குவிந்து கிடக்கும். அதை மிச்சிகன் மின்நிலையங்களுக்குக் கொண்டுசேர்ப்பதே பல ஆண்டுகளாக 'டிரகர்த்தா'வின் முக்கிய வேலை. இறக்குவதற்குக் கரையில் கிரேன் தேவையில்லை. அடித்தளக் கதவுகள் திறக்க, சரக்கு கன்வேயர் பெல்ட்டில் விழுந்து மேலேறி, நீண்ட இரும்புக் கை வழியே கரையில் கொட்டும்.

இவ்வளவு பெரிய கப்பலால் கடலுக்குப் போக முடியாது. வழியிலுள்ள வெல்லண்ட் கால்வாய் 740 அடிக்கு மேல் நீளமான கப்பலை ஏற்காது. உள்ளேயும் நிம்மதி இல்லை: சுப்பீரியர் ஏரியிலிருந்து வெளியேற இந்த ராட்சதர்களுக்கு இருக்கும் ஒரே வாசல் போ லாக். அது பழுதானால் எஃகு ஆலைகளுக்கு இந்த வழியே போகும் இரும்புத் தாதுவும் நின்றுவிடும். இந்த ஆபத்தை உணர்ந்தும், அதே அளவில் இன்னொரு லாக் கட்டும் வேலை 2020-ல்தான் தொடங்கியது. அரை நூற்றாண்டுத் தாமதம்!

அடுத்த வாரம்: 1975 நவம்பரில் இதே துறைமுகத்தில் தாது ஏற்றிப் புறப்பட்டு, 29 பேரோடு மூழ்கிய 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்'.